ஊர்ப் பேச்சில் வரும் செய்தி: வானொலி மூட்டிய பகையும் நமக்கான பாடமும்

சில ஆண்டுகளுக்கு முன், குற்றால சீசன் களைகட்டியிருந்த ஒரு ஜூலை மாத இரவு. இஷா தொழுகை முடிந்து பள்ளிவாசலில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஐந்தாறு இளைஞர்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். "ஹஜ்ரத், இதைக் கேளுங்க" என்று ஒருவர் தன் கைபேசியில் வந்த குரல் பதிவை ஓடவிட்டார். குத்தாலத்துல நம்ம புள்ளைகளை அடிச்சுப் போட்டுட்டாங்க, ஒருத்தன் நிலைமை மோசம், கேக்குறவங்க எல்லாரும் வண்டிய எடுத்துட்டு வாங்க என்று ஒருவர் அதில் பதறினார். முப்பது வினாடிகூட இல்லாத பதிவு. "மைக்கைப் போட்டு ஒரு வார்த்தை சொல்லிருங்க ஹஜ்ரத், ஊரே கிளம்பிரும்" என்றார் வந்தவர்களில் மூத்தவர்.

நமது கை மைக் சுவிட்ச் வரை போனது. அதை மறைக்க விரும்பவில்லை. காரணம், அந்தக் குரல் நமது ஊர்க் குரல். நமது தெருவில் பேசுகிற அதே இழுவை, அதே சொற்கள். முன்பின் தெரியாத ஒருவர் செய்தித்தாள் தமிழில் சொல்லியிருந்தால் யார் என்ன என்று கேட்டிருப்போம். நமது பேச்சில் சொன்னதால் கேட்கத் தோன்றவில்லை.

ஜமாஅத் செயலாளர்தான் "பத்து நிமிஷம் பொறுங்க" என்று தடுத்தார். குற்றாலத்தில் கடை வைத்திருக்கும் தன் உறவினரை அழைத்தார். நடந்தது இதுதான்: வண்டி நிறுத்தும் இடத்தில் இரண்டு சுற்றுலா வேன் ஓட்டுநர்களுக்குள் கைகலப்பு. இருவருமே வெளி மாவட்டத்துக்காரர்கள். போலீசார் வந்து சமாதானம் பேசி அனுப்பி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. 'நம்ம புள்ளைகள்' யாரும் அந்தப் பக்கமே இல்லை.

அன்று மைக்கில் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி இன்றுவரை நம்மை விடவில்லை. உலகில் சில ஊர்களில் அந்த மைக் போடப்பட்டது. அதற்கு வானொலி என்று பெயர். மக்களின் சொந்த மொழியில் பேசிய வானொலிகள் இன மோதலில் என்ன செய்தன, எப்படிச் செய்தன, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

வானொலியோடு நமக்குள்ள உறவு

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வானொலி நமக்குப் பகையான பொருள் அல்ல. தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி வட்டாரங்களில் நாற்பதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் இலங்கை வானொலியைப் பற்றி ஒரு கதை சொல்வார். 1963-ல் வந்த திருநெல்வேலி வானொலி நிலையம் ஒரு பக்கம் இருக்க, கடல் தாண்டி வந்த இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தேநீர்க் கடை தோறும், தறிக்கூடம் தோறும் ஒலித்தது. பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் தமிழ் உச்சரிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. அறிவிப்பாளர் எந்த மதத்தவர் என்று அன்று யாரும் கேட்டதில்லை. அவர் நம் வீட்டு மனிதர், அவ்வளவுதான்.

வானொலியின் பலமே இதுதான். பத்திரிகை படிக்க எழுத்தறிவு வேண்டும். தொலைக்காட்சிக்கு மின்சாரமும் பணமும் வேண்டும். வானொலிக்கு இரண்டு பேட்டரியும் ஒரு காதும் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும், வயலில் நிற்கும் விவசாயியும், அடுப்படியில் இருக்கும் பெண்களும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்கிறார்கள். தாய்மொழியில் வரும் அந்தக் குரல் சில மாதங்களிலேயே குடும்பத்தில் ஒருவராகிவிடுகிறது. குடும்பத்தில் ஒருவர் சொல்வதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நன்மைக்கும் தீமைக்கும் வாசல் அந்த இடத்தில்தான் திறக்கிறது.

ருவாண்டா: ஒரு வானொலியின் நூறு நாட்கள்

ஆப்பிரிக்காவின் நடுவே மலைகள் சூழ்ந்த சிறிய நாடு ருவாண்டா. பெரும்பான்மையினர் ஹூட்டு, சிறுபான்மையினர் டுட்சி. இரு சாராரும் பேசுவது கின்யருவாண்டா என்ற ஒரே மொழி. ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர்கள். தமக்குள் திருமணம் செய்துகொண்டவர்கள். பெல்ஜிய ஆட்சிக் காலத்தில் அடையாள அட்டையில் இனத்தை எழுதிவைத்த பிறகு அந்தப் பிரிவு இறுகிப்போனது.

முதல் எச்சரிக்கை 1992 மார்ச்சில் வந்தது. அரசு வானொலியான ரேடியோ ருவாண்டா ஓர் அறிவிப்பைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. ஹூட்டு தலைவர்களைக் கொலை செய்ய டுட்சிகள் திட்டமிட்டிருப்பதாக நைரோபியிலுள்ள ஒரு மனித உரிமை அமைப்பு எச்சரித்துள்ளது என்பதே அந்த அறிவிப்பு. அது கட்டுக்கதை. ஆனால் அடுத்த நாட்களில் புகெசெரா என்ற பகுதியில் நூற்றுக்கணக்கான டுட்சிகள் கொல்லப்பட்டார்கள். அரசு ஊடகத் துறையின் பொறுப்பில் அப்போது இருந்தவர் ஃபெர்டினாண்ட் நஹிமானா. அவர் ரவுடி அல்ல; வரலாற்றுப் பேராசிரியர். இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். வெறுப்பைப் பரப்புகிறவன் படிக்காதவனாகத்தான் இருப்பான் என்பது நமது தவறான எண்ணம்.

அந்தப் பதவியை இழந்த நஹிமானா, வேறு சிலரோடு சேர்ந்து ஒரு தனியார் வானொலியைத் தொடங்கினார். ஆர்.டி.எல்.எம். எனப்படும் அந்த நிலையம் 1993 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. அரசு வானொலி விறைப்பாகப் பேசும். இதுவோ தெருப் பேச்சில் பேசியது. நல்ல பாட்டுப் போட்டது, கேலி செய்தது, வதந்தி சொன்னது, நேயர்களைத் தொலைபேசியில் பேசவைத்தது. இளைஞர்கள் பாட்டுக்காக வந்தார்கள். பாட்டுக்கு இடையில் வந்ததையும் கேட்டார்கள்.

1994 ஏப்ரல் 6 இரவு அந்நாட்டு அதிபர் ஹப்யரிமானா பயணம் செய்த விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் முதல் ஏறக்குறைய நூறு நாட்களில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐக்கிய நாடுகள் சபை கணக்கிடுகிறது. பெரும்பாலோர் டுட்சிகள், கொலைக்கு உடன்படாத ஹூட்டுகளும் அதில் உண்டு. அந்த நாட்களில் ஆர்.டி.எல்.எம். பெயர்களை வாசித்தது. இன்னார் இன்ன இடத்தில் ஒளிந்திருக்கிறார், இன்ன எண்ணுள்ள வாகனம் இன்ன வழியாகப் போகிறது என்று அறிவித்தது. சாலைத் தடுப்புகளில் அரிவாளோடு நின்றவர்கள் மறு கையில் வானொலிப் பெட்டி வைத்திருந்தார்கள்.

சொற்கள் எப்படிக் கொன்றன?

ஆர்.டி.எல்.எம். கையாண்ட வழிகளை ஆராய்ச்சியாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவற்றில் மூன்றை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, பெயர் மாற்றுவது. டுட்சிகளை அந்த வானொலி மனிதர்களாகக் குறிப்பிடாமல் கரப்பான் பூச்சிகள் என்று அழைத்தது. பல மாதம் இந்தப் பெயரைக் கேட்டுப் பழகிய காதுக்கு, பூச்சியை நசுக்குவது பாவமாகத் தெரியாது. ஒருவரையொருவர் பட்டப்பெயர் சூட்டி அழைக்க வேண்டாம் என்று திருக்குர்ஆன் (49:11) தடுப்பதை நம்மில் பலர் சிறுவர்களுக்கான ஒழுக்கப் பாடமாகவே பார்க்கிறோம். ஒரு சமூகத்தின் பெயரை மாற்றுவதில்தான் அதன் அழிவு தொடங்குகிறது என்பதை ருவாண்டா நமக்குக் காட்டியது.

இரண்டாவது, மறைபொருள். 'வேலைக்குப் போங்கள்' என்றால் கொல்லப் போங்கள் என்று பொருள். 'உயர்ந்த மரங்களை வெட்டுங்கள்' என்றால் டுட்சிகளை வெட்டுங்கள் என்று பொருள். இந்தப் பேச்சு தாய்மொழிக்காரருக்கு உடனே புரியும், வெளியாருக்குப் புரியாது. தலைநகர் கிகாலியில் இருந்த வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகள் பலருக்குக் கின்யருவாண்டா தெரியாது. தம் ஜன்னலுக்கு வெளியே ஒலித்த வானொலி என்ன சொல்கிறது என்பதே அவர்களுக்கு முழுமையாக விளங்கவில்லை.

மூன்றாவது, அச்சம். 'அவர்களைக் கொல்' என்று மட்டும் சொன்னால் சாதாரண மனிதன் தயங்குவான். 'நீ கொல்லாவிட்டால் அவன் உன்னைக் கொல்வான்' என்று சொன்னால் தயக்கம் உடையும். தாக்குகிறவன் தன்னைத் தற்காத்துக்கொள்வதாகவே நம்புவான். எங்கெல்லாம் கலவரம் நடந்ததோ அங்கெல்லாம் இந்த வாக்கியம் ஏதோ ஒரு மொழியில் ஒலித்திருக்கிறது.

அந்த வானொலியின் அலைவரிசையை முடக்குங்கள் என்று ஐ.நா. படைத் தளபதி ரோமியோ டல்லேர் வேண்டினார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதற்கான விமானம் பறக்க ஆகும் செலவையும் சட்டச் சிக்கலையும் காரணம் காட்டி மறுத்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 8,500 டாலர் ஆகும் என்று கணக்கும் போட்டது.

பின்னர் தான்சானியாவின் அரூஷா நகரில் அமைந்த சர்வதேச நீதிமன்றம் 2003 டிசம்பர் 3 அன்று ஊடக வழக்கில் தீர்ப்பளித்தது. நஹிமானா, பரயக்விசா என்ற வானொலி நிறுவனர்கள் இருவரும், 'கங்குரா' என்ற பத்திரிகையின் ஆசிரியர் ஹசன் ங்கேசேயும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2007-ல் மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் நீக்கப்பட்டு, தண்டனை முறையே 30, 32, 35 ஆண்டுகளாகக் குறைந்தது. பேச்சும் எழுத்தும்கூடத் தண்டனைக்குரிய குற்றமாகும் என்று காட்டிய தீர்ப்பு அது.

மூன்றாவது பெயரைக் கவனித்திருப்பீர்கள். ங்கேசே ஒரு முஸ்லிம். இதை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது. அதே ருவாண்டாவில் முஸ்லிம்கள் பலர் தம் டுட்சி அண்டை வீட்டாரைத் தம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் மறைத்துக் காப்பாற்றினார்கள் என்பதும் பரவலாகப் பதிவான உண்மை. இமாம்கள் பலர் கொலையில் பங்கேற்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அதன் பிறகு அந்நாட்டில் பலர் இஸ்லாத்தின் பக்கம் திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆக, ஒரே சமூகத்தில் வெறுப்பைப் பரப்பியவரும் இருந்தார், உயிரைப் பணயம் வைத்துக் காத்தவர்களும் இருந்தார்கள். பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

வானொலி மட்டும்தான் காரணமா?

இல்லை. இங்கே நிதானம் வேண்டும். ஸ்காட் ஸ்ட்ராஸ் என்ற ஆய்வாளர் ருவாண்டா சிறைகளில் தண்டனை பெற்ற இருநூறுக்கும் மேற்பட்டவர்களை நேரில் கண்டு பேசினார். வானொலியைக் கேட்டுத்தான் கொல்லப் போனோம் என்று சொன்னவர்கள் குறைவு. ஊர்த் தலைவர் கூப்பிட்டார், பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார், போகாவிட்டால் நம்மைத் துரோகி என்பார்கள் என்று சொன்னவர்களே அதிகம். யானகிஸவா ட்ராட் என்ற பொருளியல் ஆய்வாளர் வேறொரு வழியில் கணக்கிட்டார். ஆர்.டி.எல்.எம். அலை எட்டிய மலைப்பகுதிகளையும் எட்டாத பகுதிகளையும் ஒப்பிட்டு, கொலைகளில் பங்கேற்றவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர் அந்த ஒலிபரப்பின் விளைவாகப் பங்கேற்றனர் என்றார். அந்தக் கணக்கை ஏற்காதவர்களும் உண்டு.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்குக் கிடைக்கும் தெளிவு இது. வானொலி காய்ந்த வைக்கோலில் விழும் தீப்பொறி. வைக்கோலைச் சேர்த்தவர்கள் வேறு: அரசியல், நிலத் தகராறு, போர், பழைய வஞ்சம். ஊர்ப் பெரியவர்கள் ஒத்துழைத்த இடத்தில் பொறி பற்றியது. வானொலி சொன்னதை வாசல் வரை கொண்டுவந்து கொடுத்தவர் ஒரு தெரிந்த முகம்தான். அப்படியானால் அந்தத் தெரிந்த முகம் மறுத்துவிட்டால்? அந்த இடத்தில் நமக்குப் பொறுப்பும் இருக்கிறது, நம்பிக்கையும் இருக்கிறது.

கென்யா: பல மொழி, பல அலைவரிசை

கென்யாவில் 2000-க்குப் பிறகு கிகுயு, கலஞ்சின், லுவோ போன்ற இனங்களின் மொழிகளில் தனியார் பண்பலை வானொலிகள் பெருகின. அதுவரை ஆங்கிலத்தையும் ஸ்வாஹிலியையும் மட்டுமே கேட்டு வந்த கிராமத்து மக்களுக்கு அது பெரும் மகிழ்ச்சி. அவர்களின் பாட்டு, அவர்களின் பழமொழி, அவர்களின் விவசாயச் செய்தி. அதில் எந்தத் தவறும் இல்லை.

2007 டிசம்பர் 27-ல் அதிபர் தேர்தல் நடந்தது. முடிவில் மோசடி என்ற குற்றச்சாட்டு எழுந்து கலவரம் வெடித்தது. 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். எல்டோரெட் அருகே ஒரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த பெண்களும் குழந்தைகளும் தீயில் கருகினார்கள். பிற இனத்தாரை 'களை', 'கீரி' என்பது போன்ற சாடைச் சொற்களால் குறிப்பிடும் பேச்சுகள் நேயர் அழைப்பு நிகழ்ச்சிகளில் வந்ததாகச் செய்தியாளர்கள் பதிவு செய்தார்கள். பல நிலையங்களில் இப்படிப் பேசியவர்கள் அறிவிப்பாளர்கள் அல்ல. தொலைபேசியில் வந்த நேயர்கள். தொகுப்பாளர் துண்டிக்காமல் விட்டதே குற்றமாயிற்று. அதில் பலருக்குக் கோபத்தில் பேசும் நேயரைக் கையாளும் பயிற்சியே இருக்கவில்லை.

காஸ் எஃப்.எம். என்ற கலஞ்சின் மொழி வானொலியின் அறிவிப்பாளர் ஜோஷுவா அரப் சாங் மீது சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2016 ஏப்ரலில் போதிய ஆதாரம் இல்லை என்று வழக்கு முடித்து வைக்கப்பட்டது. ஆகவே அவரைக் குற்றவாளி என்று நாம் சொல்ல முடியாது. கலவரம் முற்றிய பிறகு அதே தாய்மொழி வானொலிகளில் பல, அமைதி காக்கும்படி மக்களை வேண்டின என்பதையும் மறக்கக் கூடாது.

நமது மொழியிலும் நடந்தது

ஆப்பிரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். தமிழிலும் ஒரு ஒலிபெருக்கி பேசியிருக்கிறது.

1990 அக்டோபர் 30. யாழ்ப்பாணம். முஸ்லிம்கள் வாழ்ந்த தெருக்களில் விடுதலைப் புலிகளின் வாகனங்கள் ஒலிபெருக்கியோடு வந்தன. முஸ்லிம்கள் அனைவரும் மைதானத்தில் கூட வேண்டும் என்ற அறிவிப்பு நல்ல தமிழில் ஒலித்தது. கூடியவர்களுக்குக் கிடைத்த உத்தரவு, சில மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்பது. அந்த மாதத்தில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலருக்குப் புத்தளத்து அகதி முகாமே பல ஆண்டுகள் வீடானது. வெளியேற்றியவர்களின் மொழியும் தமிழ், வெளியேறியவர்களின் மொழியும் தமிழ். மொழி ஒன்றாக இருப்பது மட்டும் மனிதரைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே இலங்கையில் 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அப்போது வெறுப்பைச் சுமந்தது வானொலி அல்ல, முகநூலும் வாட்ஸ்அப்பும். சிங்களத்தில் எழுதப்பட்ட பதிவுகளைக் கண்காணிக்க அந்த மொழி தெரிந்தவர்கள் முகநூலிடம் போதிய அளவில் இல்லை. 2020-ல் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கிகாலியில் தூதரக அதிகாரிகளுக்குக் கின்யருவாண்டா புரியாமல் போன அதே கதை, வேறு கருவியில் மீண்டும் நடந்தது.

தென்காசி கற்ற பாடம்

நமது ஊருக்கு வருவோம். 2006 டிசம்பரில் தென்காசியில் ஓர் இந்து அமைப்பின் நகரத் தலைவர் கொல்லப்பட்டார். 2007 ஆகஸ்ட் 14 அன்று பட்டப்பகலில் நடந்த மோதலில் ஆறு உயிர்கள் போயின. அந்த நாட்களில் கடை அடைத்த தெருக்களையும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய தாய்மார்களையும் இங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். எந்தச் சமூகத்து வீடாக இருந்தாலும் மரணம் மரணம்தான்.

2008 ஜனவரி 24-ல் தென்காசியில் ஆர்.எஸ்.எஸ். அலுவலகத்தில் குண்டு வெடித்தது. வெடித்த சத்தம் அடங்கும் முன்பே, செய்தது யார் என்று ஊரெங்கும் பேச்சு பரவியது. எந்தச் சமூகத்தைப் பேச்சு சுட்டியது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதம் காவல்துறை கைது செய்தவர்கள் இந்து அமைப்புகளோடு தொடர்புடையவர்கள். பழி வேறு பக்கம் விழுந்து பகை வளர வேண்டும் என்பதே நோக்கம் என்று காவல்துறை கூறியது.

இடைப்பட்ட அந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். விசாரணை முடிவதற்கு முன் ஓர் உள்ளூர் வானொலி அந்தத் தெருப் பேச்சை அப்படியே ஒலிபரப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நமது பக்கத்தில் யாராவது அதே வேகத்தில் மைக் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரு பக்கமும் பொறுத்திருந்த பெரியவர்களும், முறையாக விசாரித்த அதிகாரிகளும் இருந்ததால் உண்மை வெளிவர நேரம் கிடைத்தது. உண்மைக்கு எப்போதும் நேரம் தேவைப்படுகிறது. பொய்க்கு அது தேவையில்லை.

இந்தியாவில் உள்ள வேலி

நம் நாட்டில் ஆர்.டி.எல்.எம். போன்ற ஒன்று வராததற்குச் சட்டமும் ஒரு காரணம். வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு தனியார் பண்பலைகளும், கல்வி நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சமுதாய வானொலிகளும் வந்தன. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது நமக்குப் பெருமை. ஆனால் இவை எதுவும் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப இன்றுவரை அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவே. இந்தத் தடை மக்களின் தகவல் உரிமையைக் குறுக்குகிறது என்ற வாதமும் நியாயமானதே.

எப்படியோ, வானொலிக்கு வேலி இருக்கிறது. கைபேசிக்கு இல்லை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துபவர்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியால், கோயிலுக்கு வந்த இடத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்துக் கொன்றார்கள். இதுபோன்ற கொலைகளுக்குப் பிறகுதான் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020-ல் கொரோனாவோடு சேர்த்து நமது சமூகத்தின் பெயர் இழுபட்டபோது, காய்கறி வண்டிக்காரர்கூடப் பெயர் கேட்டு விரட்டப்பட்டதை நாம் அனுபவித்தோம். அந்த வலியை அறிந்த நாம், வேறொருவர் மீது அதே கருவியைத் திருப்பலாமா?

அதே வானொலி மருந்தாகவும் ஆனது

நோயைச் சொன்னோம், மருந்தையும் சொல்ல வேண்டும். ருவாண்டாவின் அண்டை நாடான புருண்டியிலும் ஹூட்டு, டுட்சி பகை உண்டு. 1995-ல் அங்கே 'ஸ்டூடியோ இஜாம்போ' என்ற ஒலிபரப்புக் கூடம் தொடங்கியது. ஒரு ஹூட்டு செய்தியாளரும் ஒரு டுட்சி செய்தியாளரும் சேர்ந்தே செய்தி சேகரிக்கப் போவார்கள். எந்தப் பக்கத்துக்காரரும் அவர்கள் முன்னால் ஒருதலைப்பட்சமாகக் கதை சொல்ல முடியாது.

ருவாண்டாவில் 2004-ல் 'முசெகெவெயா' என்ற வானொலித் தொடர்நாடகம் தொடங்கியது. புதிய விடியல் என்பது அதன் பொருள். பகைகொண்ட இரண்டு கற்பனைக் கிராமங்களின் கதை. எலிசபெத் லெவி பாலக் என்ற ஆய்வாளர் இதைக் கேட்டவர்களையும் வேறு நாடகம் கேட்டவர்களையும் ஓராண்டு ஒப்பிட்டார். கேட்டவர்களின் உள்மன நம்பிக்கை பெரிதாக மாறவில்லை. ஆனால், ஊரில் எது சரி என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள் என்பது பற்றிய அவர்களின் எண்ணம் மாறியது. தவறு நடக்கும்போது வாய் திறந்து மறுத்துப் பேசும் துணிவும் கூடியது.

இது மிக முக்கியமானது. கலவர நேரத்தில் பெரும்பாலோர் வெறியர்கள் அல்ல. 'எல்லாரும் போகிறார்கள், நாம் மட்டும் எப்படி நிற்பது' என்று நினைப்பவர்கள். நிற்கலாம் என்று ஒரே ஒரு குரல் சொன்னால் அவர்களில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். அன்று நமது ஜமாஅத் செயலாளரின் "பத்து நிமிஷம் பொறுங்க" செய்த வேலை அதுதான்.

நாம் செய்ய வேண்டியது

ஒரு செய்தியைக் கொண்டு வருபவர் நம்பத்தகாதவராயின் அதைத் தெளிவாக விசாரியுங்கள். அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்பது திருக்குர்ஆன் (49:6) தரும் வழிகாட்டல். தஃப்ஸீர் நூல்கள் இதன் பின்னணியைக் கூறுகின்றன. ஸகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய ஒருவர், தம்மை வரவேற்க வந்த பனூ முஸ்தலிக் கூட்டத்தாரைத் தாக்க வருபவர்களாக எண்ணித் திரும்பிவிட்டார். அவர்கள் மறுத்துவிட்டார்கள், என்னைக் கொல்ல வந்தார்கள் என்று சொன்னார். விசாரித்ததால் ஒரு போர் தவிர்ந்தது. அச்சம் தரும் செய்தி வந்தால் பரப்பாமல் பொறுப்பில் உள்ளவர்களிடம் கொண்டு செல்லுங்கள் என்ற கருத்தை மற்றொரு வசனம் (4:83) தருகிறது. இவற்றை நமது மஹல்லாக்களில் நடைமுறையாக்க வேண்டும்.

ஒன்று: பள்ளிவாசல் மைக் நமது ஊர் வானொலி. பாங்கு, ஜனாஸா அறிவிப்பு, ஜமாஅத் முடிவு செய்த அறிவிப்பு தவிர வேறெதற்கும் தனி ஒருவர் அதைத் தொடக் கூடாது. இமாமும் இதற்கு விலக்கல்ல. மோதல் தொடர்பான எதுவும் நிர்வாகிகள் இருவராவது நேரடியாக விசாரித்த பிறகே அறிவிக்கப்பட வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு ஜமாஅத்திலும் பிற சமூகப் பெரியவர்கள், வணிகர் சங்கத்தார், காவல் நிலையம் ஆகியோரின் தொலைபேசி எண்கள் தயாராக இருக்க வேண்டும். பகை வந்த பிறகு எண் தேடக் கூடாது. பொட்டல்புதூர் தர்காவுக்கு இன்றும் இந்து சகோதரர்கள் வருகிற மண் இது. தொடர்பு புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. இருப்பதைக் காத்தால் போதும்.

மூன்று: குடும்பக் குழுக்களில் குரல் பதிவு வந்தால் மூன்று கேள்விகள் கேட்போம். பேசுபவர் யார்? எந்த நாள், எந்த இடம்? அவர் கண்ணால் கண்டாரா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அது நம்மோடு நிற்கட்டும். சமூகங்களுக்கிடையே பகை மூட்டும் பேச்சு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். நமது பிள்ளைகளின் படிப்பும் வெளிநாட்டு வேலையும் ஒரு 'ஃபார்வர்டு' காரணமாகக் கெட்டுப்போக வேண்டாம்.

நான்கு: பிற சமூகத்தாரை நம் வீட்டுக்குள் எப்படிக் குறிப்பிடுகிறோம் என்பதைக் கவனிப்போம். கேலிப் பெயர்களைப் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் கற்கிறார்கள். அவர்கள் நம்மைக் கேலிப் பெயரால் அழைப்பது வலிக்கிறதென்றால், நாம் அழைப்பதும் அப்படியே வலிக்கும்.

அந்த ஜூலை இரவில் வந்த இளைஞர்களில் ஒருவர் இப்போது வளைகுடாவில் வேலை பார்க்கிறார். சென்ற ரமளானில் விடுமுறைக்கு வந்தவர், "அன்னைக்கு நீங்க மைக்கைப் போட்டிருந்தா நான் இன்னைக்கு எங்கே இருந்திருப்பேனோ ஹஜ்ரத்" என்றார். நாம் போடாமல் இருக்கவில்லை, நம்மைப் போடவிடாமல் ஒருவர் தடுத்தார் என்பதை அவரிடம் சொன்னோம். ஒவ்வொரு ஊரிலும் அப்படித் தடுக்க ஒருவர் வேண்டும்.

பேசும் முன் விசாரிக்கும் பக்குவத்தையும், கேட்டதையெல்லாம் பரப்பாத நாவையும் வல்ல ரஹ்மான் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.